ஓ.டி.பி. கேட்பதற்கு முன்

வீடு வீடாக ஃபைபர் இணைப்பு கொடுக்கும் தம்பிகளுக்கு,

தோளில் கறுப்பு டிராப் கேபிள் சுருள், முதுகுப் பையில் ஸ்ப்ளைசிங் மிஷின், பைக்கின் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டிய அலுமினிய ஏணி என்று உங்களைத் தெருமுனையில் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். நானும் முப்பத்தோரு வருடம் கம்பம் ஏறியவன். என் காலத்தில் செம்புக் கம்பி, உங்கள் காலத்தில் கண்ணாடி இழை. என் கையில் டெஸ்ட் போன் இருந்தது, உங்கள் கையில் பவர் மீட்டர் இருக்கிறது. மற்றபடி நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு "சார்... சார்..." என்று கூப்பிடுவதில் இரண்டு தலைமுறைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் கம்பெனிக்கு எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினேன். ஒரு டிக்கெட் நம்பர் வந்தது. இரண்டு நாள் கழித்து, அந்த டிக்கெட் முடித்து வைக்கப்பட்டதாக இன்னொரு செய்தி வந்தது. வீட்டுக்காரர்களுக்கு எழுதலாம் என்றால், அவர்கள் நீங்கள் மாட்டும் வைஃபை பாக்ஸின் செட்டிங் பக்கத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறக்கப் போவதில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் நீங்கள். இணைப்பு கொடுக்கும் நாளில் ஒரு பத்து நிமிடம் அது உங்கள் செல்போன் திரையில் திறந்திருக்கும். பிறகு அந்த பாக்ஸ் கெட்டுப்போய்க் கழற்றும் வரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். வேலையெல்லாம் முடிந்து, வீட்டுக்காரரிடம் ஓ.டி.பி. கேட்பதற்கு முன், அந்தப் பக்கத்தில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு வாருங்கள்.

ஏன் இந்தக் கிழவன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் இப்போதிருக்கும் வீட்டுக்கு ஃபைபர் வந்த அன்று உங்களில் ஒரு தம்பிதான் வந்தார். நல்ல வேலைக்காரர். கேபிளைச் சன்னல் சட்டத்தின் ஓரமாக, மடிப்பு விழாமல், அழகாகக் கொண்டுவந்தார். பவர் மீட்டரில் மைனஸ் 19 காட்டியது. "மைனஸ் 27 வரைக்கும் ஓடும் ஐயா, உங்களுக்கு சூப்பரா இருக்கு" என்றார். எனக்குப் பரம திருப்தி. பாஸ்வேர்டாக என் செல்போன் எண்ணையே போட்டார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டி.வி.யை இணைக்க வேண்டியிருந்தது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் வேண்டாம் ஐயா" என்று பாக்ஸின் பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு விளக்கு மினுங்கியது. டி.வி. தானாகவே இணைந்துகொண்டது. பாஸ்வேர்டே கேட்கவில்லை.

நான் அசந்துபோனேன். ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பொத்தானைப் பற்றித்தான் பேச்சு. என் பேத்தி கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது அவளிடமும் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "தாத்தா, பாஸ்வேர்டே கேட்காம ஒரு பூட்டு திறக்குதுன்னா, அதுக்கு இன்னொரு சாவி இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள். கம்பம் ஏறியவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மதியம் சாப்பிட்டதும் தன் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நம் பாக்ஸை மட்டும்தான் சோதித்துப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுப் பெட்டியை அனுமதியில்லாமல் தொட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் கேஸ் ஆகும், மூன்று வருடம் வரை உள்ளே போடலாம் என்று எனக்கு முன்னெச்சரிக்கை வேறு. நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தபோது, லேப்டாப் திரையில் ஒரு எட்டு இலக்க எண் இருந்தது. அதற்குக் கீழே என் செல்போன் எண், அதாவது எங்கள் வீட்டு பாஸ்வேர்டு, எழுத்துக்கு எழுத்து அப்படியே நின்றது. "நீங்க பாஸ்வேர்டை மாத்திப் பாருங்க" என்றாள். என் தாத்தாவின் பெயரையும் ஊரையும் சேர்த்து, நடுவில் கமா, கேள்விக்குறியெல்லாம் போட்டு, இருபது எழுத்தில் ஒன்று வைத்தேன். அரை நிமிடம் ஆகியிருக்காது, அதையும் படித்துக் காட்டினாள்.

இதில் என்ன நடந்தது என்பதை அவள் எனக்குச் சொன்ன முறையிலேயே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொழில்காரர்கள், பாதியைக் கேட்டதுமே மீதியைப் பிடித்துக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய நம்பர் பூட்டு சூட்கேஸ் உண்டு. மூன்று சக்கரம். ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும் நாளில் எண் மறந்துபோனது. 000-இல் தொடங்கி 999 வரை ஆயிரம் முறை முயல வேண்டும், ரயிலைப் பிடித்த மாதிரிதான் என்று நினைத்தேன். என் மச்சான் சூட்கேஸைக் காதருகில் வைத்துக்கொண்டு முதல் சக்கரத்தை மட்டும் மெதுவாகச் சுற்றினார். ஓர் இடத்தில் லேசாக ஒரு 'டக்'. அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது சக்கரம். அங்கேயும் ஒரு 'டக்'. மூன்று நிமிடத்தில் பெட்டி திறந்தது. பூட்டு தேய்ந்திருந்ததால், ஒவ்வொரு சக்கரமும் சரியான இடத்துக்கு வந்ததும் அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆயிரம் வாய்ப்பு முப்பதாகச் சுருங்கிவிட்டது.

டபிள்யூ.பி.எஸ். கதையும் இதுதான். அன்று அந்தத் தம்பி அழுத்தியது அதன் பொத்தான்தான். அதற்குப் பின்னால் எட்டு இலக்க பின் நம்பர் ஒன்று ஒளிந்திருக்கிறது. பல பாக்ஸ்களில் பின்பக்க ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருப்பார்கள். பொத்தானைத் தொடாமலேயே, அந்த எண்ணைச் சொல்லும் எவருக்கும் பாக்ஸ் உங்கள் பாஸ்வேர்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடும். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு. அதில் கடைசி இலக்கம் முந்தைய ஏழிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது, அதனால் உண்மையில் ஒரு கோடி. ஒரு கோடியே போதுமான கோட்டைச் சுவர்தான். ஆனால் இந்த பாக்ஸ் எட்டையும் ஒன்றாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கைத் தனியாகப் பார்த்து, "தப்பு" என்றோ "சரி, மேலே சொல்" என்றோ பதில் கொடுத்துவிடுகிறது. பிறகுதான் அடுத்த பாதி. அதாவது 'டக்' சத்தம் கேட்கிறது. முதல் பாதிக்கு அதிகபட்சம் 10,000 முயற்சி. அடுத்த பாதியில் மூன்று இலக்கம்தான் தெரியாதவை, அதற்கு 1,000. ஆகமொத்தம் 11,000. ஒரு முயற்சிக்கு 1.3 நொடி என்று வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் எல்லாமே முடிந்துவிடும். கதவருகில் யாரும் நிற்க வேண்டியதில்லை, எதிர் மாடியில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

இது என் பேத்தி கண்டுபிடித்தது ஒன்றும் கிடையாது. 2011 டிசம்பரில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் இந்தப் பதினோராயிரம் கணக்கை வெளியிட்டார். அதே சமயத்தில் அமெரிக்காவில் கிரெய்க் ஹெஃப்னரும் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார். முயன்று பார்ப்பதற்கான மென்பொருளையும் அவர் தரப்பு இலவசமாக வெளியிட்டது. அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் டிசம்பர் 27-ஆம் தேதி விடுத்த எச்சரிக்கையில் சொன்ன வழி ஒன்றே ஒன்று: டபிள்யூ.பி.எஸ்.ஸை ஆஃப் செய்யுங்கள். பெட்டி செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலைந்து முறை தப்பாகச் சொன்னால் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும்படி புதிய பெட்டிகளைச் செய்தார்கள். 2014-இல் டொமினிக் பொங்கார் என்பவர் வந்து அதையும் பல பெட்டிகளில் உடைத்துக் காட்டினார். பின் நம்பரை மறைப்பதற்காக பாக்ஸ் ஒவ்வொரு முறையும் ஊகிக்க முடியாத ரகசிய எண்களை உருவாக்க வேண்டும். சில சிப்களில் அந்த எண்கள் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. சிலவற்றில் வெறும் பூஜ்யம். பதினோராயிரம் முறை கேட்க வேண்டாம், ஒரே முறை பேச்சுக் கொடுத்துவிட்டு மீதியைத் தன் லேப்டாப்பிலேயே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஒரே முறை கேட்பவனிடம் பாக்ஸ் எதைப் பூட்டிக்கொள்ளும்?

இன்னொரு கூத்தும் உண்டு. சில கம்பெனிகளின் பெட்டிகளில் இந்த பின் நம்பர், பெட்டியின் மேக் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்ததாக இருந்தது. மேக் எண் என்பது வைஃபை ஒவ்வொரு நொடியும் காற்றில் கூவிக்கொண்டே இருக்கும் எண். வாசலில் எழுதியிருக்கும் கதவு இலக்கத்தைக் கூட்டிக் கழித்தால் பீரோ சாவியின் எண் கிடைக்கிற மாதிரி!

இந்த வசதியைக் கொண்டுவந்தவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. 2007 வாக்கில் அது வந்தபோது, நிறையப் பேர் பாஸ்வேர்டு போடத் தெரியாமல் வைஃபையைத் திறந்தே வைத்திருந்தார்கள். அவர்களும் ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் இதைச் செய்தார்கள். எளிதாக்கும்போது எங்கே கை தவறியது என்பது நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. போன் செய்யும் பெரிய கம்பெனிகள் இதிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. ஐபோனில் இது ஒருநாளும் இருந்ததில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் கையிலிருக்கும் போனில் இல்லாத வசதி, சுவரில் மாட்டியிருக்கும் பாக்ஸில் மட்டும் இன்னும் திறந்து கிடக்கிறது. யாருக்காகத் திறந்து கிடக்கிறது என்று கேட்டால் டி.வி., பிரிண்டர், ரிப்பீட்டர் என்று மூன்று பதில் வரும். அவை ஒவ்வொன்றையும் ஆயுளில் ஒருமுறை இணைக்கிறோம்.

இனி என் பழைய கதை ஒன்று. இதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வராது.

எண்பதுகளின் கடைசி. டெல்டா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எனக்கு வேலை. கம்பத்தில் டி.பி. பெட்டி என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். பத்து வீட்டு லைன்கள் அதில் வந்து பிரியும். மூடியில் ஒரு திருகாணியும் நட்டும். ஒரு மழை நாளில் அந்த நட் கழன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. கையில் வேறு இல்லை. மூடியைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை. தினமும் இருபது புகார், யார் நட்டைப் பற்றி நினைத்தார்கள்?

அந்தப் பெட்டியில் ஒரு லைன் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருடையது. மகள் வடக்கே கல்யாணமாகிப் போனவள். ஞாயிற்றுக்கிழமை இரவு, கட்டணம் குறைகிற நேரம் பார்த்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசுவார். அவருக்கு ஒருமுறை ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு பில் வந்தது. இரண்டு மாத பில். அவருடைய பென்ஷன் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று நான் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. இப்போது மாதிரி எந்த நம்பருக்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் அப்போது பில்லில் வராது. பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் ஒரு மீட்டர் ஓடும். போன தடவை இவ்வளவு, இந்தத் தடவை இவ்வளவு, வித்தியாசத்துக்குப் பணம் கட்டு, அவ்வளவுதான். குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலகத்தில் வந்து நின்றார். "மீட்டர் பொய் சொல்லாது சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மீட்டர் பொய் சொல்லவில்லைதான். அன்று சாயங்காலம் நான் அந்தக் கம்பத்தில் ஏறினேன். சணல் கயிறு அவிழ்ந்து, வேறு முடிச்சில் கட்டப்பட்டிருந்தது. அவர் லைன் வரும் முனையில் ஒயரின் மேல்தோல் புதிதாகச் சீவப்பட்டிருந்தது. யாரோ ஒருவன் ராத்திரியில் ஏறி, போனை அதில் மாட்டி, ஊர் ஊராகப் பேசியிருக்கிறான். நான் என் காசில் ஒரு நட் வாங்கிப் போட்டு மூடியை முறுக்கினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என் தலை உருளும். அவர் அந்தப் பணத்தைத் தவணையில் கட்டினார். அதன் பிறகு தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லாயிருக்கியாப்பா?" என்று கேட்பார். அவர் இறந்துபோகும் வரை கேட்டார்.

லேப்டாப்பில் அந்த எட்டு இலக்கத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சணல் கயிறுதான் ஞாபகம் வந்தது.

இப்போது அன்லிமிடெட் பிளான், பில் எகிறாது, அதனால் யார் ஓசியில் ஓட்டினால் என்ன என்று நினைக்க வேண்டாம். இப்போது பில் வேறு மாதிரி வரும். 2008 ஜூலை 26, அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எந்த இணைப்பிலிருந்து போனது என்று தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அங்கே பிரச்சினை டபிள்யூ.பி.எஸ். அல்ல, சரியான பூட்டே இல்லை. ஆனாலும் ஐ.பி. முகவரி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் ஜீப் வந்து நிற்கும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். மீட்டர் பொய் சொல்லாது, பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் உள்ளே வருகிறவன் தீவிரவாதியாக இருக்க மாட்டான். டேட்டா தீர்ந்துபோய் ஐ.பி.எல். பார்க்க வழி தேடுகிற பையனாக இருப்பான். அவனை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் அவன் வந்த வழியாக, அவனைவிட விஷயம் தெரிந்தவனும் வருவான். வீட்டுக்குள் வந்துவிட்டவனுக்கு சி.சி.டி.வி. டி.வி.ஆர். கண்ணில் படும், அதன் பாஸ்வேர்டு பெரும்பாலும் கடையில் கொடுத்ததாகவே இருக்கும். பாக்ஸின் செட்டிங் பக்கமே 'அட்மின், அட்மின்' என்று திறந்தால் இன்னும் மோசம். இணையத்தில் எந்தப் பெயரைத் தேடினால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று வழிசொல்லும் டி.என்.எஸ். முகவரியை அவன் மாற்றிவிடலாம். பாங்க் பெயரைத் தட்டினால் அவன் கட்டிய போலி பாங்க் வந்து நிற்கும். பிரேசிலில் 2011-12 வாக்கில் சுமார் 45 லட்சம் மோடங்களில் இதைத்தான் செய்தார்கள். அங்கே உள்ளே நுழைந்த ஓட்டை வேறு. நுழைந்த பிறகு செய்த வேலை இதேதான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் உங்களோடு நிறையப் பேசியிருக்கிறேன்.

ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்றுதான் உங்களுக்குக் காசு. மத்தியானத்துக்குள் மூன்று வீடு முடிக்க வேண்டும். ஆபீஸிலிருந்து "டிக்கெட் குளோஸ் பண்ணியாச்சா?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். இதில் கிழவன் வேறு புது வேலை வைக்கிறான். நியாயம்தான். ஆனால் நீங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போடுவதற்காக அந்தப் பக்கத்தை எப்படியும் திறக்கிறீர்கள். நான் கேட்பது அதே வரிசையில் இன்னும் இரண்டு மெனு தள்ளி ஒரு டிக்கை எடுக்கும் வேலை. என் பேத்தி கடிகாரம் வைத்துச் செய்து காட்டினாள், நாற்பது நொடி.

அடுத்தது, நீங்கள் ஆஃப் செய்துவிட்டுப் போனால் நாளைக்கு "பிரிண்டர் கனெக்ட் ஆகல" என்று உங்களுக்குத்தான் போன் வரும். இது உண்மையான தொல்லை, நான் மறுக்கவில்லை. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டு ஆள் ஒருவர் போனில் இணைந்ததும், வைஃபை செட்டிங்கில் 'ஷேர்' தட்டினால் க்யூஆர் கோடு வரும் என்று ஒருமுறை காட்டிக்கொடுங்கள். ஆண்ட்ராய்டு பத்திலிருந்து அந்த வசதி இருக்கிறது. விருந்தாளி போனைக் காட்டினால் இணைந்துவிடும். கூகுள் பே பழகிய அம்மாக்கள் யாரும் க்யூஆர் கோடுக்குப் பயப்படுவதில்லை. நீங்களே பொத்தானை வைத்து ரிப்பீட்டர் இணைக்க வேண்டியிருந்தால், ஆன் செய்து, இணைத்து, மறுபடி ஆஃப் செய்துவிட்டு ஏணியை எடுங்கள். பொத்தான் அழுத்தினால் இரண்டு நிமிடம்தான் வாசல் திறந்திருக்கும். பின் நம்பர் வாசல் அப்படியில்லை, அது இருபத்துநாலு மணி நேரமும் திறந்தே கிடக்கும். சில பாக்ஸ்களில் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்காரர் பொத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பின் நம்பரையாவது அணைத்துவிடுங்கள்.

"இப்ப வர்ற பாக்ஸ்ல எல்லாம் அந்தப் பிரச்சினை இல்ல ஐயா" என்று ஒரு தம்பி சொன்னார். புதுப் பெட்டிகளில் பலவற்றில் பின் நம்பர் முன்கூட்டியே அணைக்கப்பட்டு வருகிறது, சரி. ஆனால் நீங்கள் மாட்டுகிற எல்லாமே புதுப் பெட்டியா? ஒரு வீட்டில் இணைப்பை நிறுத்தியதும் கழற்றி வந்த பாக்ஸைத் துடைத்து இன்னொரு வீட்டில் மாட்டுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வீட்டு பாக்ஸிலேயே பழைய ஸ்டிக்கரை உரித்த பசை இருந்தது.

செய்முறை உங்களுக்குச் சொல்லித் தருவது குருவிக்குப் பறக்கச் சொல்லித் தருவது மாதிரி. ஆனாலும் இந்த விஷயத்தில் மூன்று இடத்தில் சறுக்கும் என்று பட்டது, அதை மட்டும் சொல்கிறேன். ஒன்று, 192.168.1.1-இல் நீங்கள் நுழையும் அட்மின் கணக்குக்கு வரும் மெனு, வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் கணக்குக்குப் பல பாக்ஸ்களில் வருவதில்லை. 'அவரே பின்னால் பார்த்துக்கொள்வார்' என்று விட்டால் அப்படிப்பட்ட பாக்ஸில் அவரால் முடியாது. அவர் கணக்கில் டபிள்யூ.பி.எஸ். மெனுவே இருக்காது. அடுத்தது, 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். ஒன்றில் அணைத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது வெகு சுலபம், நானே மறந்தேன். கடைசியாக, அணைத்ததாகப் பக்கம் சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய சில மாடல்களில் ஆஃப் என்று போட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் வைத்திருப்பீர்கள், சேனல் பார்க்க. அதில் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் கீழே சதுர அடைப்புக்குறிகளுக்குள் சில எழுத்துகள் வரும். அங்கே டபிள்யூ.பி.எஸ். என்ற மூன்றெழுத்து மறைந்துவிட்டதா என்று பாருங்கள். மறைந்திருந்தால் முடிந்தது. நான் மொட்டை மாடியில் நின்று ஒருநாள் பார்த்தேன். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் அந்த மூன்றெழுத்தோடுதான் இருந்தன. அந்த எழுத்து இருந்தாலே உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் கயிற்றில் கட்டிய மூடி எதுவென்று கீழே நின்றே தெரிந்துவிடுகிறது, இல்லையா?

அதே மெனுவுக்குப் பக்கத்தில் யு.பி.என்.பி. என்று ஒன்று இருக்கும். வீட்டுக்குள்ளிருக்கும் கேமராவோ விளையாட்டுப் பெட்டியோ கேட்டால், யாரையும் கேட்காமல் வெளியிலிருந்து உள்ளே வர வாசலைத் திறந்துவிடும் வசதி. 2012-இல் ரேபிட்7 என்ற நிறுவனம் தேடிப் பார்த்தபோது எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் இதற்கு வெளியிலிருந்தே பதில் சொல்லின. இதையும் அணைத்தால் நல்லது. ஆனால் வீட்டில் ஆன்லைன் கேம் ஆடுகிற பையன் இருந்தால் உங்களுக்குப் போன் வரும் என்பது உறுதி, அதனால் இதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். டபிள்யூ.பி.எஸ். விஷயத்தில் அப்படி விட மாட்டேன்.

கடைசியாக ஒன்று, இதை நான் போன வாரம்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு பாக்ஸில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பித்தது. உங்களில் ஒருவர் வந்தார். மாடியில் கேபிளை எலி கடித்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டினார். போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று ஊசியை வைத்து ரீசெட் துளையில் குத்திவிட்டு, பழைய பெயரும் பாஸ்வேர்டும் போட்டுக்கொடுத்தார். நெட் வந்துவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம். சாயங்காலம் அந்த ஆப்பைத் திறந்து பார்க்கிறேன், மூன்றெழுத்து திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. ரீசெட் செய்தால் எல்லாமே கம்பெனி வைத்த நிலைக்குப் போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே புது இணைப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஊசி குத்திய ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்துக்கு மறுபடி போக வேண்டும்.

அந்தத் தம்பியை மறுநாள் கூப்பிட்டேன். சலிப்போடுதான் வந்தார். காபி குடித்தபடியே அணைத்தார். போகும்போது, "ஐயா, நேத்து இதே மாதிரி நாலு வீட்ல குத்திட்டு வந்துட்டேனே" என்றார். எந்தெந்தத் தெரு என்று கேட்டேன். இரண்டு பேரும் அவர் பைக்கிலேயே போனோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவன்